நாயும் செவ்வரளியும் ஒரே புறவாசலில்

நாய் வளர்க்கிற வீட்டில் எந்தச் செடி வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று யாராவது கேட்டால், நான் முதலில் செடியின் பெயரைச் சொல்வதில்லை. உங்கள் நாய் மத்தியானத்தில் எங்கே படுக்கும், எந்த இடத்தில் குழி பறிக்கும், எதை வாயில் கவ்விக்கொண்டு திரியும் என்று திருப்பிக் கேட்பேன். நச்சுச் செடிகளின் பட்டியல் வேண்டும்தான். ஆனால் எனக்குத் தெரிந்த வீடுகளில் நாய்க்கு ஆபத்து வந்த நேரங்களை யோசித்துப் பார்த்தால், செடி தன்பாட்டுக்கு நின்றபோது வந்தது குறைவு. கிளையை வெட்டிப் போட்ட அன்று, உரம் வைத்த அன்று, காய் உதிர்கிற மாதத்தில், சாமிக்குப் போட்ட பூவை மறுநாள் வழித்துக் கொட்டிய இடத்தில்தான் அதிகம் வந்திருக்கிறது.

எங்கள் வீடு பாளையங்கோட்டையைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே இருக்கிறது. புறவாசல் பெரியது. ஒரு மாமரம், இரண்டு முருங்கை, வாழைக் கன்றுகள், சுற்றுச்சுவர் ஓரமாகச் செவ்வரளி வரிசை, அப்புறம் பக்கத்து மனையிலிருந்து எங்கள் பக்கம் கிளை நீட்டி நிற்கும் புளியமரம். நாய்கள் இரண்டு. ராணி சிப்பிப்பாறை. செவலை தெருவிலிருந்து வந்தவன். ராணி ஓடுவாள், அணிலைத் துரத்துவாள், எதையும் முகர்ந்துவிட்டு விட்டுவிடுவாள். செவலை அப்படியில்லை. மண்ணுக்குள் ஏதோ வாசம் அடித்தால் அதை எடுத்துத் தின்று பார்க்காமல் நகர மாட்டான். ஒரே தோட்டம்தான், ஆனால் இரண்டு நாய்க்கும் ஆபத்து வரும் வழி வேறு வேறு.

அரளியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் பக்கத்து வீடுகளில் இது இல்லாத இடம் குறைவு. இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே நஞ்சு. இதயத் துடிப்பைக் குலைக்கிற ஒலியாண்ட்ரின் என்ற பொருள் அதில் இருக்கிறது. தின்ற நாய்க்குச் சில மணி நேரத்துக்குள் எச்சில் ஒழுகும், வாந்தி, பேதி வரும், அப்புறம் துடிப்பு மெதுவாகும் அல்லது தாறுமாறாகும், கால் தளர்ந்து படுத்துவிடும். சின்ன நாய்க்கு ரொம்பக் கொஞ்சம் இலையே போதும்.

இவ்வளவு தெரிந்ததும் வேரோடு பிடுங்கிவிட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "செவ்வாய்க்கிழமை அம்மனுக்குச் செவ்வரளி இல்லாம எப்படிம்மா?" என்றார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்தச் செடிகளை அவர்கள் வைத்தது நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பு. அதனால் செடியை வைத்துக்கொண்டே என்ன செய்யலாம் என்று பார்த்தோம்.

பச்சை அரளி இலை கடும் கசப்பு. பெரும்பாலான நாய்கள் ஒரு கடி கடித்துத் துப்பிவிடும். காய்ந்த இலையில் அந்தக் கசப்பு குறைந்துவிடுகிறது, நஞ்சு குறைவதில்லை. ஆடுமாடு வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வேலியில் நிற்கும் அரளியை ஆடு சீண்டாது, வெட்டிப் போட்டுக் காய்ந்து, தீவனத்தோடு கலந்துவிட்டால் தின்றுவிடும். நாய்க்குக் காய்ந்த அரளிக் குச்சி என்பது விளையாட்டுச் சாமான். குறிப்பாகப் பல் முளைக்கிற குட்டி, கையில் கிடைத்த குச்சியையெல்லாம் கடித்து நார் நாராக்கும். ஆகவே எங்கள் வீட்டில் அரளியைக் கவாத்து செய்கிற நாளில் நாய்கள் வீட்டுக்குள்தான். வெட்டிய கிளை அன்றைக்கே சாக்கில் கட்டி வெளியே போய்விடும். நாய்கள் வெளியே வருவதற்கு முன் விளக்குமாறு போட்டு உதிர்ந்த இலை வரை பெருக்கிவிடுவோம். அதைக் கொளுத்தவும் மாட்டோம். அரளிப் புகை மனிதருக்கும் ஆகாது.

அடுத்தது பூஜை அறை. சாமிப் படத்தில் போட்ட அரளி மாலை மறுநாள் வாடியதும் காலில் மிதிபடக் கூடாது என்று செடி மூட்டில் போடுவது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் நாய் இருக்கிற வீட்டில் அது நேராக நாயின் வாய்க்குப் போகிறது. நூலும் நாரும் சேர்ந்த மாலை என்றால் குடலில் சிக்குகிற ஆபத்தும் கூட. அத்தையே இப்போது ஒரு மூடி போட்ட வாளி வைத்திருக்கிறார்கள். வாடிய பூவெல்லாம் அதில் சேரும், நிறைந்ததும் மாமரத்துக்கு அப்பால் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்து, மேலே கல் வைத்துவிடுவோம்.

வாசலில் உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரளி கிடந்த தண்ணீரிலும் நஞ்சு இறங்கும். கோடைக்காலத்தில் நாய் முதலில் நாக்கை விடுவது அந்த உருளியில்தான். செம்பருத்தி, ரோஜா, மல்லிகை என்று எத்தனையோ பூ இருக்கிறது, உருளிக்கு அவை போதும்.

செடிகளைப் பொறுத்தவரை, சுவர் ஓரத்தில் நின்ற வரிசையில் ஓரத்து நாலைந்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்தோம். மீதியைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குக் கம்பி வலை. வலைக்குள் கீழ்க் கிளைகளைக் கழித்துவிட்டதால் இலை உதிர்ந்தாலும் உள்ளேயே விழும். மஞ்சள் பூ பூக்கும் பொன்னரளி இதைவிட மோசம், அதன் கொட்டைதான் கடும் நஞ்சு. காய் பச்சையாக, நாய் உருட்டி விளையாடத் தோதான அளவில் உதிரும். அது மட்டும் நாய் திரிகிற இடத்தில் வேண்டவே வேண்டாம். தெருவோரத்தில் நின்றால், நடக்கக் கூட்டிப்போகும்போது வாரைச் சுருக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி உரம். இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

ரோஜாவுக்கு உரம் வைக்க ஒரு தம்பி வந்திருந்தார். தோட்ட வேலையில் கெட்டிக்காரர். ஆமணக்குப் புண்ணாக்கும் எலும்புத்தூளும் கலந்து, செடியைச் சுற்றி மண்ணைக் கீறி, உள்ளே போட்டு மூடிவிட்டுப் போனார். எங்கள் பக்கம் எல்லாரும் செய்கிற வேலைதான். மத்தியானம் வீடு அடங்கியிருந்த நேரத்தில் செவலை அந்த மண்ணைப் பிறாண்டி எடுத்திருக்கிறான். எழுந்து வந்து பார்த்தபோது மூக்கு முழுக்கச் செம்மண், மீசை முடியில் சாம்பல் நிறத் தூள், இரண்டு ரோஜாச் செடிகளின் வேர் வெளியே தெரிந்தது. வாலை ஆட்டிக்கொண்டு நல்லபடியாகத்தான் நின்றான்.

தம்பிக்குப் போன் செய்து என்ன கலந்தீர்கள் என்று கேட்டேன். "புண்ணாக்குதானே அக்கா, மாடே திங்குதே" என்றார். மாடு தின்பது கடலைப் புண்ணாக்கும் எள்ளுப் புண்ணாக்கும். ஆமணக்குப் புண்ணாக்கை மாட்டுக்கே வைக்க மாட்டார்கள். ஆமணக்கு விதையில் ரைசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. எண்ணெய் ஆட்டும்போது அது எண்ணெயில் போகாமல் புண்ணாக்கில் தங்கிவிடுகிறது. நன்றாகச் சூடேற்றினால் அழியும், ஆனால் கடையில் வாங்கும் மூட்டை எந்த அளவுக்குச் சூடேற்றியது என்று நமக்கு எப்படித் தெரியும்? அதோடு எலும்புத்தூள் சேரும்போது நாயைக் கூப்பிட்டு விருந்து வைப்பதாகிவிடுகிறது. வெறும் ஆமணக்குப் புண்ணாக்கை முகர்ந்துவிட்டுப் போகிற நாயும் எலும்பு வாசத்துக்காக முழுதாக விழுங்கும். எலும்புத்தூள் மட்டுமே நிறையத் தின்றாலும் வயிற்றுக்குள் ஈரத்தில் இறுகிக் கட்டியாகி அடைத்துக்கொள்ளும்.

சாக்கைக் கிழித்து, அதில் அச்சடித்திருந்த பகுதியையும் ஒரு கைப்பிடி உரத்தையும் பையில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போனோம். ரைசினில் அறிகுறி உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான் வாந்தியும் ரத்தப் பேதியும் தொடங்கும். நாய் நன்றாக இருக்கிறதே என்று காத்திருந்தால் அந்த நேரம் கைவிட்டுப் போய்விடும். மருத்துவர் வாந்தி எடுக்க ஊசி போட்டார், எக்ஸ்ரே எடுத்தார், மருந்துக் கரி கொடுத்தார், சலைன் ஏற்றினார். அன்றிரவு பேதியில் ரத்தம் வந்தது. அடுத்தடுத்த நாட்களில் ரத்தப் பரிசோதனைக்குப் போய்வந்தோம். பிழைத்துக்கொண்டான். முழுவதும் செரிப்பதற்கு முன்னால் வெளியே எடுத்துவிட்டதால்தான் தப்பினான் என்று மருத்துவர் சொன்னார்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. இப்போது அவர் வேலைக்குப் போகிற வீடுகளில் நாய் இருந்தால் ஆமணக்குப் புண்ணாக்கை எடுப்பதே இல்லை. எங்கள் வீட்டில் உரம் என்றால் நன்கு மக்கிய தொழு உரமும் மண்புழு உரமும்தான். வேப்பம் புண்ணாக்கு கொஞ்சம் போடுவோம், அதுவும் குழிக்குள் போட்டு, மேலே மண் தள்ளி, செங்கல்லை அடுக்கி வைத்துவிடுவோம். அந்த வாசம் போகும்வரை செங்கல் அங்கேயே கிடக்கும்.

மாடித்தோட்டம் போடுகிறவர்கள் விரும்பிச் செய்கிற சில கரைசல்களும் இதே வகைதான். மீனும் வெல்லமும் சம எடையில் போட்டு ஊறவைக்கும் மீன் அமிலம் இருக்கிறதே, அதைத் தெளித்த மண்ணை நாய் நக்கும், புரளும், தோண்டும். தெளித்த பிறகு ஒருநாள் அந்தப் பக்கம் விடாதீர்கள். டப்பாவை உயரத்தில் வையுங்கள். கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த வாளியும் அப்படித்தான், பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், அது ஈரலைக் கெடுக்கும். வெங்காயத் தோலை ஊறவைத்து அந்தத் தண்ணீரைச் செடிக்கு விடுகிறவர்கள் வாளிக்கு மூடி போட வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு கிலோ உடல் எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே ரத்தத்தில் மாற்றத்தை உண்டாக்கப் போதும். உரக்குழியில் போட்ட பழைய சோறு, ரொட்டி, பூசணம் பிடித்த காய்கறி இவற்றைத் தின்ற நாய்க்கு நடுக்கமும் வலிப்பும் வந்து தூக்கிக்கொண்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும். உரத் தொட்டிக்கு மூடி இல்லையென்றால் மற்ற முன்னெச்சரிக்கை எல்லாம் பாதிதான்.

சைகஸ் பற்றி வேறு மாதிரி சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பழக்கத்தை மாற்றிப் பயனில்லை, செடியே இருக்கக் கூடாது. குட்டைத் தென்னை மாதிரி வட்டமாக ஓலை விரித்து நிற்கும். புதிதாகக் கட்டிய வீடுகளின் முன்புறத்தில் அழகுக்கு இரண்டு பக்கமும் வைத்திருப்பார்கள். விலையும் அதிகம், அதனால் எடுக்கச் சொன்னால் யாருக்கும் மனம் வராது. இலை முதல் வேர் வரை நஞ்சு, கொட்டையில் மிக அதிகம். பெண் மரத்தில் ஆரஞ்சும் சிவப்புமாகக் கொட்டை வரும். ஒன்றிரண்டு கொட்டையே ஒரு நாயைக் கொல்லப் போதும். கேரளத்து மலைப் பகுதிகளில் இதே இனத்தைச் சேர்ந்த ஈந்து மரத்தின் கொட்டையை மாவாக்கிச் சாப்பிடுவார்கள். ஆனால் அவர்கள் அதைக் காயவைத்து, பலமுறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து, நஞ்சை இறக்கிய பிறகுதான் வாயில் வைக்கிறார்கள்.

என் நாத்தனார் வீட்டில் இரண்டு சைகஸ் இருந்தன. அவர்கள் ஒரு லாப்ரடார் குட்டி வாங்கப் போகிறோம் என்று சொன்னபோது, முதலில் அந்த இரண்டையும் யாருக்காவது கொடுங்கள், அதுவும் நாய் இல்லாத வீட்டுக்குக் கொடுங்கள் என்று விடாமல் சொன்னேன். சைகஸில் பயங்கரம் என்னவென்றால், தின்ற சில மணி நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டு நாய் தேறிவிட்டதுபோல இருக்கும். இரண்டாம் நாள், மூன்றாம் நாளில் ஈரல் செயலிழக்கும். கண் மஞ்சளாகி, மூக்கில் ரத்தம் வந்த பிறகு காப்பாற்றுவது மிகவும் கடினம். அவர்கள் செடியைக் கொடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது செம்பருத்தி நிற்கிறது. குட்டி அதன் பூவைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது, அதனால் ஒன்றும் ஆகவில்லை.

தொட்டிச் செடிகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. மணி பிளான்ட், டிஃபன்பேக்கியா, பிலோடெண்ட்ரான் எல்லாம் சேம்பு இனம். சேம்பங்கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டால் தொண்டை எப்படி அரிக்கும் என்று தெரியும் அல்லவா? அதே ஊசிப் படிகங்கள்தான் இவற்றிலும் இருக்கின்றன. கடித்ததும் நாய் வாயைத் தரையில் தேய்க்கும், எச்சில் கொட்டும், உதடு வீங்கும். வாயைத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டால் பெரும்பாலும் தேறிவிடும். மூச்சு விடச் சிரமப்பட்டால் மட்டும் ஓட வேண்டும். தொட்டியை உயரத்தில் தொங்கவிட்டாலே முடிந்தது.

பால் வடிகிற செடியைத் தள்ளி வை என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அரளி, எருக்கு, திருகுகள்ளி, நந்தியாவட்டை, அலமண்டா என்று அது நிறைய இடத்தில் பொருந்தும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் நாய்க்குப் பார்வையே போகலாம். ஆனால் அதை மட்டும் நம்பினால் போதாது. சைகஸில் பால் இல்லை, ஊமத்தையில் பால் இல்லை. வேலியில் தானாகப் படர்கிற குண்டுமணியிலும் இல்லை. குண்டுமணி முழுதாக விழுங்கப்பட்டால் சில சமயம் அப்படியே வெளியே வந்துவிடும், கடித்து உடைத்தால் ரைசினைப் போன்ற நஞ்சு வெளிப்படும். நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கும் விதையும் அதே அளவு கெட்டவை. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் மருந்துக்காக அதன் விதையைப் பயிர் செய்கிறார்கள். வீட்டு வேலியில் அழகுக்கு வைத்தால், கோடையில் கொடி காய்ந்து கிழங்கு மண்ணுக்குள் இருப்பதே மறந்துபோகும், குழி பறிக்கும் நாய்க்குத்தான் அது முதலில் அகப்படும்.

மருந்துச் செடிதானே என்ற நினைப்பும் வேண்டாம். நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டினைத்தான் தெருநாய்களுக்கு இனப்பெருக்க உறுப்பில் வரும் புற்றுக் கட்டிக்கு ஊசியாகப் போடுகிறார்கள். மருத்துவர் அளந்து போட்டால் மருந்து, நாய் தானாகச் செடியை மேய்ந்தால் நஞ்சு. சோற்றுக்கற்றாழையிலும் தோலை ஒட்டி வடியும் மஞ்சள் பால் பேதியை உண்டாக்கும்.

பூச்சிமருந்து பற்றி ஒரே ஒரு விஷயம். வாழைக்கும் தென்னைக்கும் போடுகிற குருணை மருந்து எந்த வடிவத்திலும் எங்கள் புறவாசலுக்குள் வராது. அப்படிப்பட்ட குருணைகளில் ஒன்றான ஃபோரேட் 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது, ஆனாலும் பழைய பொட்டலம் எங்காவது மூலையில் கிடக்கலாம். அடையாளம் தெரியாத குருணை கிடைத்தால் மண்ணில் கொட்டாதீர்கள். இவை பட்ட நாய்க்கு வாயில் நுரை, கண்ணில் நீர், ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய கண்மணி, உடல் முழுக்க நடுக்கம் வரும். உடனே கிடைத்தால் அட்ரோபின் ஊசி காப்பாற்றும்.

இவ்வளவு தடுப்பு சொல்லிவிட்டு நாய்க்கு என்ன கொடுப்பது? எங்கள் வீட்டில் மிகவும் பலன் தந்தது மண் குழிதான். முருங்கை நிழலில் நாலடிக்கு நாலடி இடத்தில் ஆற்று மணல் கொட்டி, சித்திரை வைகாசியில் தினமும் காலையில் தண்ணீர் தெளித்து வைக்கிறோம். நாய் பெரும்பாலும் குழி பறிப்பது குளிர்ச்சிக்காக. பூச்செடி மூட்டில் தண்ணீர் ஊற்றுவதால் அங்கே மண் குளிர்ந்திருக்கிறது, அதனால் அங்கே போகிறது. அதைவிடக் குளிர்ந்த இடம் ஒன்று தனக்கென்று கிடைத்ததும் செவலை ரோஜாப் பக்கம் போவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டான். மணலுக்குள் ஒரு பந்தைப் புதைத்து வைத்தால் அரை மணி நேரம் அதிலேயே போகும்.

ஒரு மூலையில் அருகம்புல் வளரவிட்டிருக்கிறோம். நாய் புல் தின்பது நோய் என்று பயப்பட வேண்டியதில்லை, அது அவற்றின் இயல்பு. மருந்து தெளிக்காத புல்லாக இருந்தால் போதும். மற்றபடி நாய்கள் உரசிப் போகிற உயரத்தில் செம்பருத்தி, குண்டுமல்லி, கனகாம்பரம், துளசி, வாழை இவைதான் இருக்கின்றன. காகிதப்பூவை மட்டும் ராணிக்காக எடுத்தேன். சிப்பிப்பாறைக்குத் தோல் காகிதம் மாதிரி மெல்லியது, முள்ளில் ஓடி உரசினால் நீளமாகக் கிழிந்துவிடும். கம்பி வலையின் வெட்டு முனைகளையும் அதனால்தான் உள்பக்கமாக மடக்கி, பழைய ரப்பர் குழாயைப் பிளந்து மாட்டியிருக்கிறோம்.

மாங்காய்க் காலத்தில் காலையில் முதல் வேலை மரத்தடியைப் பெருக்குவது. மாம்பழம் தின்றால் பரவாயில்லை, கொட்டையை விழுங்கினால் குடல் அடைக்கும், அறுவைச் சிகிச்சைதான். புளியமரத்தடி அதைவிடக் கவனம் வேண்டியது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல காலமாகத் தெரியும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் எழுதினார்கள். புளியின் புளிப்பே அந்த அமிலம்தான். புளி தின்ற நாய்களுக்கும் அதேபோல் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை அடுத்து பதிவு செய்தார்கள். நம் ஊரில் புளியமரம் இல்லாத தெரு எது? பக்கத்து மனைக்காரரிடம் பேசி, எங்கள் பக்கம் நீண்ட கிளையை மட்டும் கழிக்க வைத்தோம்.

இதனால்தான் இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாய் ஏதாவது நஞ்சைத் தின்றுவிட்டால் புளியைக் கரைத்து ஊற்று, உப்பைக் கரைத்து ஊற்று என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள், ஆனால் இரண்டையும் செய்யாதீர்கள். புளிக்குக் காரணம் மேலே சொன்னதுதான். உப்புக் கரைசலால் ரத்தத்தில் சோடியம் ஏறி மூளை பாதித்து வலிப்பு வரும். வாயைப் பிளந்து எதை ஊற்றினாலும் புரை ஏறி நுரையீரலுக்குள் போகிற ஆபத்து வேறு இருக்கிறது, மயங்கிய நாயென்றால் இன்னும் அதிகம். அடுப்புக்கரியைப் பொடித்துக் கொடுப்பதிலும் பயனில்லை, மருந்துக் கரி வேறு பொருள். வாந்தி எடுக்க வைப்பதா வேண்டாமா என்பதே மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. பால் வடியும் செடி சிலவற்றில் மேலே வரும்போது இரண்டாம் முறை தொண்டை புண்ணாகும்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. வாயில் மிச்சம் இருந்தால் துணியால் துடைத்து எடுங்கள். தலையைத் தாழ்த்திப் பிடித்து, தண்ணீர் உள்ளே போகாமல் வெளியே வழிகிற மாதிரி கடைவாய்ப் பக்கமாகக் கழுவுங்கள். மழைக்காலத்தில் தேரையைக் கவ்விவிட்ட நாய்க்கும் இதே முறைதான். தின்ற செடியில் ஒரு கிளை, காயோடு கிடைத்தால் காயோடு எடுத்துக்கொள்ளுங்கள். உரமோ மருந்தோ என்றால் அதன் பை அல்லது டப்பா. வாந்தி எடுத்திருந்தால் அதில் கொஞ்சம் ஒரு டப்பாவில். எத்தனை மணிக்குத் தின்றது, நாயின் எடை எவ்வளவு என்ற இரண்டும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகள். எடையை மாதம் ஒருமுறை பார்த்து எழுதி வைத்திருந்தால் அந்தப் பதற்றத்தில் யோசிக்க வேண்டியிருக்காது.

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் வழக்கமாகப் பார்க்கிற மருத்துவரின் எண், இரவில் எடுக்கிற இன்னொருவரின் எண், ராமையன்பட்டியில் இருக்கிற அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகும் வழி, இரண்டு நாய்களின் எடை எல்லாம் இருக்கும். கால்நடை ஆம்புலன்சுக்கான 1962ஐயும் எழுதியிருக்கிறேன், ஆனால் நஞ்சு என்றால் வண்டி வரட்டும் என்று காத்திருக்காமல் ஆட்டோவிலாவது கிளம்பிவிட வேண்டும். உங்கள் மருத்துவர் ராத்திரி பதினொரு மணிக்குப் போனை எடுப்பாரா என்பதை இந்த வாரமே அவரிடம் நேரில் கேட்டுவிடுங்கள். எடுக்க மாட்டார் என்றால் யாரைக் கூப்பிடலாம் என்று அவரிடமே கேட்டு, அந்த எண்ணையும் எழுதி ஒட்டுங்கள்.